ஐந்து பாகைத் தண்ணீரும் ஓர் ஈரச் சட்டையும்

1. நீச்சலுடை

முதல் நாள் வேலைக்குப் போனபோது மிஷெலின் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, நீச்சலுடை கொண்டுவந்தாயா என்பதுதான். இல்லை என்றேன். எனக்குத் தந்த வேலை கரையில் நின்று நீந்துகிறவர்களைப் பார்ப்பது. அதற்கு ஒரு விசில், ஒரு ஸ்ரொப்வாட்ச், ஒரு தடித்த ஜக்கெற், ஒரு பிளாஸ்க் தேநீர் போதும் என்று நினைத்து, அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

அதற்கு முன் பத்தொன்பது வருடம், கியூபெக்கில் பியர்பொன்ட்ஸ் என்ற இடத்தில், ஓர் உள்ளரங்கத் தடாகத்தில் சுர்வெயான்ற், அதாவது நீச்சல் கண்காணிப்பாளர், வேலை பார்த்தவள் நான். அங்கே தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு பாகை குறைந்தாலே சனம் முறைப்பாட்டுக் கடிதம் எழுதும். மிஷெலினின் குளிர்நீர் நீச்சல் சங்கத்திலோ தண்ணீர் குளிர்ந்தால்தான் ஆட்கள் வருவார்கள். ஒக்டோபரில் தொடங்கி ஐஸ் பிடிக்கும்வரை, பிறகு ஏப்ரலில் ஐஸ் விட்டதும் மறுபடி, சனிக்கிழமைக் காலைகளில் இல்-பிசார் என்ற ஆற்றுத் தீவில் நீரோட்டம் இல்லாத ஒரு சின்னக் குடாவில் பத்துப் பன்னிரண்டு பேர் இறங்குவார்கள். எதற்கு இப்படி ஒரு வேலை என்று கேட்கத்தான் முதலில் போனேன். சம்பளம் பற்றி இரண்டாவதாகத்தான் கேட்டேன்.

மிஷெலின் ஓய்வுபெற்ற தாதி. சங்கத்தைத் தொடங்கியவரும் நடத்துகிறவரும் அவர்தான். அவர் பேசுவது பிரெஞ்சு. ஆனால் எனக்கு அவர் சொன்னவையெல்லாம் தமிழில்தான் நினைவிருக்கின்றன. ஆகவே இந்தக் குறிப்பில் அவர் யாழ்ப்பாணத்து ஆள் போலவே கதைப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

"உள்ளை இறங்காதவளுக்குக் கரையிலை நிண்டு என்ன தெரியும்? அடுத்த கிழமை உடுப்போடை வா" என்றார்.

அடுத்த கிழமை போனேன். தண்ணீர் ஒன்பது பாகை செல்சியஸ். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறக்கினார். முதலில் முழங்கால், பிறகு இடுப்பு. கையால் அள்ளி முகத்திலும் பின்கழுத்திலும் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். பிறகு தோள்வரை. அந்த நேரம் என் மூச்சு என் சொல்லைக் கேட்கவில்லை. வாய் தானாகத் திறந்து காற்றை இழுத்தது. இழுத்ததை விட முடியவில்லை, அதற்குள் அடுத்த இழுப்பு வந்தது.

"கதை," என்றார் மிஷெலின். "என்னவாவது சொல்லு."

எனக்கு வேறெதுவும் வாயில் வரவில்லை. மங்கள வார்த்தைச் செபத்தைத் தொடங்கினேன். மூன்று சொல் சொல்வதற்குள் அறுந்தது. திரும்பத் தொடங்கினேன், திரும்ப அறுந்தது. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, தொடக்கத்திலிருந்து ஆமென் வரைக்கும் முழுதாக வந்தது. மிஷெலின் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு நிமிடமும் கொஞ்சமும் ஆகியிருந்தது.

"இப்ப விளங்குதே? அந்த முதல் இழுப்பு வரேக்கை தலை தண்ணிக்குள்ளை இருந்தா, இழுக்கிறது காத்தில்லை. அதுதான் இஞ்சை ஒருத்தரையும் குதிக்க விடுறதில்லை. ஒரு வசனம் முழுசாச் சொல்ல வரும்வரைக்கும் ஒருத்தரும் நிலத்திலை இருந்து காலை எடுக்கக் கூடாது."

குளிர்ந்த தண்ணீரில் மனிதர்கள் மெல்ல மெல்ல உறைந்து சாவார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். முதல் நிமிடத்திலேயே, உடம்பு குளிர்வதற்கு முன்பே, மூச்சுத் தடுமாறி மூழ்கிப் போகலாம் என்று பத்தொன்பது வருடம் நீச்சல் தடாகத்தில் நின்ற எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

2. பெயர் எழுதிய கொப்பி

அன்றிலிருந்து எனக்கு இது ஒரு பைத்தியமாகிவிட்டது. ஏன் அந்த மூச்சு ஒரு நிமிடத்தில் தானாக அடங்குகிறது? அடங்கிய பிறகு எவ்வளவு நேரம் நம்மை நம்பலாம்? மிஷெலினிடம் கேட்டால், "உன்னிலையே பார்" என்பார். அதனால் பார்த்தேன். எல்லோரும் உடுத்தி முடித்த பிறகு, மிஷெலின் கரையில் விசிலோடு நிற்க, நான் இறங்குவேன். தடாகத்தில் பிள்ளைகளுக்கு வரவு பதிகிற, தண்ணீரில் ஊறாத தாள் செருகிய மட்டையும் பென்சிலும் கையில் இருக்கும். ஒவ்வொரு நிமிடமும் அவர் விசில் ஊத, நான் என் பெயரை எழுதுவேன். எலிசபெத். வீட்டுக்கு வந்து அந்தத் தாளைக் கொப்பியில் ஒட்டி வைப்பேன். அந்தக் கொப்பியை இப்போதும் எறியவில்லை.

முதல் நிமிடத்தில் எழுத்துகள் துள்ளும். இரண்டாம் மூன்றாம் நிமிடங்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் எழுத்துப் போல் அழகாக இருக்கும். ஐந்தில் பென்சிலைப் பிடித்திருப்பது என் கைதானா என்று சந்தேகம் வரும். ஏழில் கடைசிப் புள்ளியை வைக்கப் போய் மட்டைக்கு வெளியே தண்ணீரில் வைத்தேன். விரலில் வலி இல்லை, பயமும் இல்லை, நல்ல சந்தோசமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோசம்தான் ஆபத்து என்று மிஷெலின் சொன்னார். ஏனென்றால் அந்த நேரத்தில் நீந்துகிறவரும் அதே கைகளை வைத்துக்கொண்டுதான் கரைக்கு வரவேண்டும்.

வீட்டில் என் மனுசன் அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐம்பத்தைஞ்சு வயசிலை உனக்கென்ன விசரே?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

என்னைக் குழப்பியது வேறொன்று. ஒரு நாள் வெளியே வந்து, துடைத்து, உடுத்தி, கதிரையில் இருந்துகொண்டு சும்மா எழுதிப் பார்த்தேன். தண்ணீருக்குள் எழுதியதைவிட மோசமாக இருந்தது. வெளியே வந்து பத்து நிமிடத்துக்கு மேல். தண்ணீர் போய்விட்டது, நான் கம்பளித் தொப்பியோடு இருக்கிறேன், பிறகு ஏன் கூடக் குளிர்கிறது? கை மட்டுமல்ல, நெஞ்சுக்கூடு முழுவதும் உதறியது.

மிஷெலின் விளக்கினார். தண்ணீருக்குள் உடம்பு தன் சூடான இரத்தத்தை உள்ளே இழுத்து நெஞ்சைக் காப்பாற்றும். கையும் காலும் தோலும் குளிரட்டும் என்று விட்டுவிடும். வெளியே வந்த பிறகும் அந்தக் குளிர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அடுப்பை நிறுத்தினாலும் தோசைக்கல் உடனே ஆறுவதில்லையே, அதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டேன். எனவே ஆள் அதிகமாகக் குளிர்கிற நேரம், கரைக்கு வந்து சிரித்துக் கதைத்துக்கொண்டு நிற்கிற நேரம்.

சங்கத்தின் விதிகள் எல்லாம் அதை வைத்துத்தான். வந்ததும் கதை இல்லை, படம் எடுப்பது இல்லை. ஈரம் கழற்ற வேண்டும், துடைக்க வேண்டும், மேலுடம்பிலிருந்து தொடங்கி உலர்ந்த உடுப்பு, தொப்பி, காலுக்கு மேசு. பிறகு இளஞ்சூட்டில் இனிப்பான தேநீர். சுடுதண்ணீர்க் குளிப்பு உடனே கூடாது, மயங்கி விழலாம். நடுக்கம் முழுதாக அடங்கும்வரை கார் ஓடக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு சோடி. சோடி உடுத்தி முடித்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நீங்கள் போகலாம்.

3. அந்தோனி அண்ணை

அந்தோனி அண்ணை எங்கள் பங்குக் கோயில் ஆள். மன்னார்ப் பக்கம். வாலிபத்தில் சங்கு குளித்தவர், இங்கே வந்து பஸ் கராஜில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், ரொக்ஸ்பரோவில் வீடு. அறுபத்தாறு வயது. நான் இப்படி ஒரு வேலை பார்க்கிறேன் என்று பூசை முடிந்து வாசலில் யாரோ சொல்ல, அடுத்த சனிக்கிழமை தன் பழைய காரில் வந்து இறங்கினார்.

"தங்கச்சி, கடலிலை ஆழத்துக்குப் போய் வந்தவன் நான். இது என்ன, முழங்கால் தண்ணி" என்றார்.

"அண்ணை, அந்தத் தண்ணி சுடும். இது வேறை."

"தண்ணி எல்லாம் தண்ணிதான்."

இருந்தாலும் சொன்னபடி கேட்டார். வைத்தியரின் கடிதம் கொண்டுவந்தார். கையுறை போட்டார், செம்மஞ்சள் தொப்பி போட்டார், மிதவையை இடுப்பில் கட்டினார். மெல்ல இறங்கினார். மூச்சை அடக்குவதில் அவரைப் போல ஒருவரை நான் பார்க்கவில்லை. மற்றவர்கள் ஒரு நிமிடம் திணறும்போது அவர் அரை நிமிடத்தில் வசனம் சொல்லிவிடுவார். மிஷெலினுக்கே ஆச்சரியம். நான் கொப்பியில் அவருக்கு ஒரு தனிப் பக்கம் வைத்தேன்.

ஒரேயொரு விசயத்தில் அவர் மற்றவர்களைப் போல் இல்லை. மற்ற ஆண்கள் நீச்சல் காற்சட்டையோடு இறங்குவார்கள். வெளியே வந்ததும், கரையில் யார் நின்றாலும் கவலையில்லாமல், துவாயைச் சுற்றிக்கொண்டு உடுப்பு மாற்றுவார்கள். கியூபெக் சனத்துக்கு அது ஒரு விசயமே இல்லை. அந்தோனி அண்ணை நீளக் காற்சட்டையோடும் கைவைத்த பருத்திச் சட்டையோடும் இறங்குவார். வெளியே வந்ததும் துவாயை எடுத்துக்கொண்டு தன் காருக்குப் பின்னால் போவார். நானும் வேறு பக்கம் திரும்பிவிடுவேன். கோயிலில் ஒரே வாங்கு வரிசையில் இருக்கிற மனுசன். நான் வேறு என்ன செய்வேன்?

முதல் மூன்று கிழமையும் ஒரு பிரச்சினையும் இல்லை. குளிர் குறைவு, அவர் தண்ணீருக்குள் இருந்ததும் மூன்று நிமிடம்தான்.

4. பன்னிரண்டு நிமிடம்

நான்காவது கிழமை, நொவெம்பர் நடுப்பகுதி. தண்ணீர் ஐந்து பாகை. அதைவிடக் காற்று மோசம். வந்தவர்கள் ஒற்றைப்படை. அதனால் அந்தோனி அண்ணைக்குச் சோடியாக என்னைப் போட்டார் மிஷெலின்.

நான்கு நிமிடத்தில் விசில் ஊதினேன். எல்லோரும் திரும்பினார்கள். அந்தோனி அண்ணை கையைத் தூக்கி, "இந்தா வாறன்" என்றார். எங்கள் ஆட்கள் 'இந்தா வாறன்' என்றால் எவ்வளவு நேரம் என்று உங்களுக்குத் தெரியும். வேறு யாராக இருந்தாலும் இரண்டாவது விசிலோடு கத்தியிருப்பேன். அவரிடம், "அண்ணை, காணும் அண்ணை" என்று கெஞ்சினேன். ஆறரை நிமிடத்தில் வந்தார். நிமிர்ந்து, யாருடைய கையையும் பிடிக்காமல் நடந்து வந்தார்.

"எப்பிடி அண்ணை?"

"ஒண்டுமில்லை தங்கச்சி. இதெல்லாம் ஒரு தண்ணியே?"

"கெதியா உடுப்பை மாத்துங்கோ. உடனை கார் ஓடக் கூடாது, தெரியும்தானே?"

"ஓம் ஓம். கொஞ்சம் இருந்திட்டுத்தான் போவன்."

காருக்குப் பின்னால் போனார். நான் திரும்பி நின்று பாதுகாப்புக் கயிற்றைச் சுற்றினேன். காரின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கறுப்பு ஜக்கெற்றோடும் கம்பளித் தொப்பியோடும் சாரதி இருக்கையில் இருந்தார். சரி, மாற்றிவிட்டார் என்று நினைத்தேன். மிதவைகளை எண்ணினேன். படிக்கட்டில் மண் தட்டினேன். மற்றவர்கள் சோடி சோடியாகப் போனார்கள். மிஷெலின் தன் வான் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் மட்டும் கரையில் அதையும் இதையும் அடுக்கிக்கொண்டு நின்றேன். கடைசி நீச்சல்காரர் போகும்வரை கண்காணிப்பாளர் போக முடியாது. அவர் ஏன் இன்னும் போகவில்லை என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

காரின் சாரதிப் பக்கக் கதவருகே நிலத்தில் ஒரு பிளாஸ்க் கிடப்பதைக் கண்டேன். மூடி வேறாக, தேநீர் ஊற்றுண்டு சரளைக்கல்லில் ஆவி பறந்துகொண்டிருந்தது. விழுத்திவிட்டார், எடுத்துக் கொடுப்போம் என்றுதான் போனேன்.

கதவு சரியாகப் பூட்டுப்படவில்லை. அண்ணை உதறிக்கொண்டிருந்தார். சாதாரண நடுக்கம் இல்லை, இருக்கையே ஆடியது. கையில் கார்த் திறப்பு. அதைத் துவாரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் குத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது போல இருந்தது.

"அண்ணை, என்ன செய்யுது?"

"ஒ… ஒண்… டுமில்லை." நாக்குத் தடித்திருந்தது.

ஜக்கெற் சிப்பைக் கீழே இழுத்தேன். உள்ளே அந்தப் பருத்திச் சட்டை, பிழிந்தால் தண்ணீர் ஊற்றுகிற ஈரம். காற்சட்டையும் ஈரம். இருக்கையும் ஈரம். ஒரு நூல்கூட மாற்றியிருக்கவில்லை.

"ஏன் அண்ணை மாத்தேல்லை?"

"நீங்கள்… பொம்பிளையள்… போகட்டும் எண்டு…"

அவர் நான் போகட்டும் என்று காத்திருந்தார். நான் அவர் போகட்டும் என்று காத்திருந்தேன். ஸ்ரொப்வாட்ச் என் கழுத்தில் நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டேயிருந்தது. அவர் தண்ணீரை விட்டு வந்து பன்னிரண்டு நிமிடம். இந்த மனுசன் என் கண் முன்னால் சாகப்போகிறார், அதுவும் மரியாதையினால் சாகப்போகிறார் என்று நினைத்தேன்.

திறப்பைப் பறித்தேன். மிஷெலினைக் கூப்பிட்டுக் கத்தினேன். வானிலிருந்த பாயை அவர் நிலத்தில் விரித்தார். நாங்கள் இருவருமாக அவரை நடக்க விடாமல் இறக்கிக் கிடத்தினோம். முதலுதவிப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன். அண்ணை சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"வேண்டாம் தங்கச்சி. நீர் ஒரு பொம்பிளை."

எனக்குக் கோபம், அழுகை, எல்லாம் ஒன்றாக வந்தது.

"அண்ணை, உங்களுக்கு வெக்கமா இருந்தா நீங்கள் கண்ணை மூடுங்கோ. நான் மூட ஏலாது."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளை போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். சட்டையைக் கழுத்திலிருந்து கீழ்வரை வெட்டினேன். காற்சட்டையையும் வெட்டினேன். துடைத்து, கம்பளி சுற்றி, நித்திரைப் பைக்குள் விட்டோம். என் கைகள் பழக்கத்தில் அவருடைய பாதங்களைத் தேய்க்கப் போயின. மிஷெலின் என் கையில் அடித்தார்.

"தேய்க்காதை! காலிலை இருக்கிற குளிரை நெஞ்சுக்கு அனுப்பப் போறியோ?"

அவரே அம்புலன்சுக்குப் போன் அடித்தார். வரும்வரை நான் அண்ணையின் தலைமாட்டில் இருந்து அவரோடு கதைத்துக்கொண்டேயிருந்தேன். சங்கு எந்த மாதத்தில் குளிப்பது, எவ்வளவு ஆழம், யார் கயிறு பிடிப்பது என்று கேட்டேன். பதில்கள் முதலில் ஒற்றைச் சொல்லாக வந்தன. பிறகு இரண்டு சொல். கயிறு பிடிக்கிறவர் பற்றிக் கேட்டபோது, கண்ணைத் திறக்காமலே, "மச்சான்தான் பிடிப்பான். அவன் கண்ணிமை வெட்டமாட்டான்" என்று முழு வசனம் சொன்னார். நான் வாய்விட்டு அழுதேன்.

ஆசுப்பத்திரியில் பின்னேரம்வரை வைத்திருந்து வீட்டுக்கு விட்டார்கள்.

5. றீற்றா அக்கா

மிஷெலின் என்னை ஏசவில்லை. அதைவிட மோசமாக, அறிக்கைப் படிவத்தைத் தந்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார். 'சோடி உடுத்தி முடித்ததைக் கண்ணால் பார்த்தீர்களா' என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். 'ஏன்' என்ற இடத்தில் எழுதியதை இரண்டு தடவை வெட்டினேன். கடைசியில், 'மரியாதைக்காக' என்று எழுதினேன். மிஷெலின் அதை வாசித்துவிட்டு, "இப்பிடியும் ஒரு காரணம் இருக்கும் எண்டு ஆர் நினைச்சிருப்பினம்?" என்றார். கேலியாக இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிய முகம். அடுத்த கிழமையே கரையில் இரண்டு சிறு கூடாரங்கள் வந்தன. ஆண்களைப் பார்க்க ஓர் ஆண் கண்காணிப்பாளரும் வந்தார். அதுவரை அந்தச் சங்கத்தில் யாருக்கும் அப்படி ஒன்று தேவைப்படும் என்று தோன்றவில்லை.

கோயிலில்தான் கஷ்டம். மூன்று ஞாயிறு அந்தோனி அண்ணை எங்கள் வரிசையில் இருக்கவில்லை. மறு பக்கத்தில், தூணுக்கு அங்கால் இருந்தார். பூசை முடிந்ததும் பக்க வாசலால் போய்விடுவார். கதை பரவியிருக்கும் என்று எனக்குப் பயம். ஓர் ஆம்பிளையை வெளியில் வைத்து உடுப்பு வெட்டிக் கழற்றினவள் என்று யார் என்ன சொல்வார்களோ. அதைவிட, ஒரு நல்ல மனுசனின் முகத்தைப் பார்க்க முடியாமல் செய்துவிட்டேனே என்ற கவலை.

நான்காம் ஞாயிறு, மண்டபத்தில் தேநீர்க் கோப்பையோடு நின்றபோது அவருடைய மனுசி றீற்றா அக்கா நேரே என்னிடம் வந்தார். சுற்றி ஆட்கள் நின்றார்கள்.

"நீர்தானே இவரின்ரை சட்டையை வெட்டினது?"

"ஓம் அக்கா."

"புதுச் சட்டை அது."

அவர் என் கையிலிருந்த கோப்பையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நாப்பது வருசமா என்ன கேட்டாலும் இவருக்கு ஒண்டுமில்லைதான், தங்கச்சி. நெஞ்சு அடைப்புக்கு ஸ்ரென்ற் வைக்கப் படுத்த அண்டைக்கும் ஒண்டுமில்லை எண்டுதான் சொன்னவர். நீர் ஒராள்தான் அதை நம்பாமல் விட்டது."

அதை அப்படியே வாங்கிக்கொள்ள எனக்கு ஆசைதான். மண்டபம் நிறையச் சனம் கேட்டுக்கொண்டு நின்றது. ஆனால் மனம் வரவில்லை.

"இல்லை அக்கா. நானும் நம்பினனான். பன்னிரண்டு நிமிசம் நம்பினனான்."

றீற்றா அக்கா என் கையை விடாமலே, "அப்ப எனக்குச் சொல்லித் தாரும்," என்றார். "இனி நான் எதைப் பாக்கவேணும்?"

தேநீர் ஆறும்வரை நின்று சொல்லிக் கொடுத்தேன். கேள்வி கேட்காதேங்கோ, பதில் எப்போதும் ஒன்றுதான். சிப்பைப் பூட்டச் சொல்லுங்கோ, பிளாஸ்க்கைத் திறக்கச் சொல்லுங்கோ, பெயரை எழுதச் சொல்லுங்கோ. விரல் செய்யாவிட்டால் வாய் சொல்வதை நம்பாதேங்கோ. வெட்கப்பட்டால் வெட்கப்படட்டும், நீங்கள் முகத்தைத் திருப்பாதேங்கோ. அவர் கைப்பையிலிருந்து பேனையை எடுத்து, அந்த வாரத் திருப்பலித் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

கரையில் நின்று பார்க்கிற இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் எழுதக்கூடியதும் அவ்வளவுதான்.